தானியப் பயிர்களின் நஞ்சு: தொலைந்தது எது, தொலைத்தது யார்?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். மக்காச்சோளம், கோதுமை, கோதுமைக்கு நெருங்கிய உறவான ரை ஆகிய மூன்றிலும் பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கிற டிம்போவா வகைப் பொருட்கள் இருக்கின்றன. அதே புல் குடும்பத்தைச் சேர்ந்த பார்லியிலும் நெல்லிலும் சோளத்திலும் அவை இல்லை. விளைச்சலை மட்டுமே பார்த்து விதை பொறுக்கிய மனிதன்தான் அந்தக் குணத்தைத் தொலைத்துவிட்டானா, காட்டு வகைகளிலிருந்து அதைத் திரும்ப எடுத்துவந்தால் மருந்தடிப்பது குறையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இரண்டு நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. எல்லாத் தானியங்களுக்கும் ஒரு காலத்தில் ஒரே தற்காப்பு பொதுவாக இருந்தது என்பது ஒன்று. அது இல்லாமல் போனதற்கு விவசாயமே காரணம் என்பது இன்னொன்று. முதலாவது பாதி சரியாக இருக்கலாம். இரண்டாவது, நீங்கள் பெயர் சொன்ன பயிர்களைப் பொறுத்தவரை, சரியல்ல. தாவர உயிர்வேதியியல் படித்து, பல ஆண்டுகளாகத் தானியப் பயிர்களின் தற்காப்புப் பொருட்களோடு வேலை செய்கிறவன் என்ற முறையில், எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்று பிரித்தே சொல்கிறேன்.

டிம்போவா ஒரு தனிப் பொருள் அல்ல. பென்சாக்சசினாய்டுகள் என்ற ஒரு குடும்பத்தின் உறுப்பினர். இந்தக் குடும்பம் முதலில் பிடிபட்டது பின்லாந்தில், 1950களில். ரை நாற்றுகளில் சில ரகங்கள் மட்டும் பூஞ்சை நோயைத் தாங்குவது ஏன் என்று விர்த்தானனின் குழு தேடியபோது இவை கிடைத்தன. (1945இல் வேதியியல் நோபல் பெற்ற அதே விர்த்தானன்தான்.) மக்காச்சோளத் தண்டுத் துளைப்பானை இளம்பயிர் தாங்குவதற்கு டிம்போவா ஒரு காரணம் என்பது 1960களில் அமெரிக்காவில் தெரியவந்தது. செடி இதை நஞ்சாகவே வைத்திருப்பதில்லை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஒட்டி, சாதுவாக்கி, செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பையில் அடைத்து வைக்கிறது. அந்தக் குளுக்கோஸைக் கழற்றிவிடும் நொதி வேறோர் அறையில், கணிகத்தில் இருக்கிறது. புழு இலையைக் கடிக்கும்போது இரண்டு அறைகளும் உடைந்து கலக்கின்றன. நஞ்சு அந்த நொடியில், அந்த இடத்தில் மட்டும் பிறக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. முளைத்துச் சில நாட்களான மக்காச்சோள நாற்றின் தண்டையோ வேரையோ நசுக்கி, அந்தச் சாற்றில் ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பின் கரைசலைச் சில சொட்டு விட்டால் நல்ல நீல நிறம் எழும். டிம்போவா இரும்பைப் பிடித்துக்கொள்வதால் வரும் நிறம் அது. 1964இல் ஹாமில்டன் என்ற ஆய்வாளர் விவரித்த ஒரு மக்காச்சோளத் திரிபில் டிம்போவா இல்லை. அதன் சாறு நீலமாவதில்லை. பார்க்க மற்ற நாற்றைப் போலத்தான் இருக்கும், சொட்டு விழும்வரை வேறுபாடு தெரியாது. டிம்போவா படிப்படியாக உருவாகும் பாதையின் மரபியல் முழுவதும் அந்தத் திரிபிலிருந்துதான் தொடங்கியது. இரும்போடு உள்ள அந்தப் பிடிப்பை நினைவில் வையுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

சரி, இப்படி ஒரு பொருளைச் செய்யும் திறமை ஒரு புல்லுக்கு எங்கிருந்து வந்தது? மியூனிக்கில் மோனிக்கா ஃப்ரையும் அல்ஃபோன்ஸ் கியெர்லும் அவர்களுடைய சகாக்களும் 1997இல் இதை அவிழ்த்தார்கள். முதல் படியைச் செய்யும் நொதியின் பெயர் பிஎக்ஸ்1. அதை வரிசை வரிசையாகப் படித்துப் பார்த்தால், எல்லாச் செடிகளிலும் இருக்கிற டிரிப்டோஃபான் சிந்தேஸ் நொதியின் ஆல்ஃபா துண்டோடு அது ஒத்துப்போகிறது. டிரிப்டோஃபான் ஓர் அமினோ அமிலம். அது இல்லாமல் செடி வாழாது. அந்தப் பழைய நொதி இண்டோல் என்ற இடைப்பொருளைச் செய்தாலும் வெளியே விடாது. தன் ஜோடியான பீட்டா துண்டிடம் நேராகக் கைமாற்றிவிடும். பிஎக்ஸ்1க்கு ஜோடி தேவையில்லை. தனியாகவே இண்டோலைச் செய்து வெளியே விடுகிறது. அந்த இண்டோல்தான் டிம்போவாவின் மூலப்பொருள்.

பரிணாமத்தில் புது வேதியியல் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. உயிர் வாழவே தேவையான ஒரு மரபணு தற்செயலாக இரட்டிக்கிறது. வீட்டில் இரண்டு அரிவாள்மணை இருந்தால் ஒன்றில் வழக்கம்போலக் காய் நறுக்கிக்கொண்டு, இன்னொன்றின் மூக்கைத் தேங்காய் துருவத் தட்டிக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று இருக்கும் வீட்டில் அந்தத் துணிச்சல் வராது. இரட்டித்த பிரதியில் வரும் மாற்றம் செடியைக் கொல்லாது, எப்போதாவது ஒரு புது வேலையும் கைகூடும். மக்காச்சோளத்தில் இதே மூலத்திலிருந்து வந்த இன்னொரு நொதியும் இருக்கிறது. புழுவின் வாய்நீரில் உள்ள வாலிசிட்டின் என்ற பொருள் பட்டதும் அது இண்டோலைச் செய்து காற்றில் விடுகிறது.

அடுத்த நான்கு படிகளைச் செய்பவை பி450 என்ற வகையைச் சேர்ந்த நான்கு நொதிகள்: பிஎக்ஸ்2 முதல் பிஎக்ஸ்5 வரை. நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு. ஒரே மரபணு திரும்பத் திரும்ப இரட்டித்ததன் பிள்ளைகள். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு ஆக்சிஜனை ஒரே ஓர் இடத்தில் வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அவற்றில் பிஎக்ஸ்4 செய்வது எனக்கு இன்றும் வியப்பு: ஐந்து மூலை வளையத்தைத் திறந்து ஆறு மூலை வளையமாக்கிவிடுகிறது. நான்காவதான பிஎக்ஸ்5 முடிக்கும்போது கிடைப்பது டிபோவா, டிம்போவாவின் நெருங்கிய உறவு. ரை பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். மக்காச்சோளத்திலும் கோதுமையிலும் குளுக்கோஸ் ஒட்டியபின் இன்னும் சில படிகள் நடந்து டிம்போவா ஆகிறது. இதில் கவனிக்க வேண்டியது, மக்காச்சோளத்தில் இந்த மரபணுக்களில் பெரும்பாலானவை 4ஆவது குரோமோசோமின் குட்டைக் கரத்தில் அருகருகே அமர்ந்திருக்கின்றன என்பதுதான். முதல் இரண்டுக்கும் நடுவே சுமார் 2,500 டிஎன்ஏ எழுத்துகள்தான் இடைவெளி. பாக்டீரியாவில் இது சாதாரணம். செடிகளில் ஒரு பாதையின் மரபணுக்கள் குரோமோசோம்கள் எங்கும் சிதறிக் கிடக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம்.

கோதுமையில் அதே மரபணுக்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன: முதல் இரண்டும் 4ஆவது குரோமோசோம் வரிசையில், அடுத்த மூன்றும் 5ஆவது வரிசையில். ரையிலும் இதே பிளவு, இடம் மட்டும் வேறு. கோதுமை மூன்று மூதாதைப் புற்களின் மரபுத்தொகுதிகள் கூடிப் பிறந்த பயிர் என்பதால் எல்லாமே மூன்று பிரதிகள். அந்த மூன்றில் டிம்போவாவுக்குப் பெரும்பங்கு கொடுப்பது பி என்று பெயரிட்ட தொகுதிதான் என்று ஜப்பானியக் குழு ஒன்று 2005இல் காட்டியது. புற்களில் இந்தப் பாதை ஒரே ஒரு முறைதான் தோன்றியது என்பதில் ஏறத்தாழ எல்லோருக்கும் உடன்பாடு. மரபணு வரிசைகளின் ஒற்றுமை அவ்வளவு தெளிவு.

விவாதம் இருப்பது, எங்கே தோன்றி எப்படிப் பரவியது என்பதில். பழைய கணக்கு இது: மக்காச்சோளமும் கோதுமையும் பிரிவதற்கு முன்பே, பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதையிடம் இந்தப் பாதை இருந்தது, நெல்லும் சோளமும் வேறு பல புற்களும் பிறகு அதை இழந்தன. புதிய கணக்கு 2022இல் வந்தது. மரபணுத் தொகுதிகள் நிறையப் படிக்கப்பட்ட பிறகு, சீன ஆய்வாளர்கள் வேறு மாதிரிச் சொன்னார்கள்: மக்காச்சோளம் இருக்கும் கிளையில்தான் இது பிறந்தது, அங்கிருந்து கோதுமையின் மூதாதைக்குப் பக்கவாட்டில் தாவியது, அதாவது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வராமல் ஒரு புல்லிலிருந்து வேறொரு புல்லுக்கு நேராக வந்தது. கேட்க நம்ப முடியாததுபோல் இருந்தாலும், புற்களுக்கிடையே மரபணுக்கள் இப்படித் தாவுவது உண்மை. அல்லோடெராப்சிஸ் என்ற வெப்பமண்டலப் புல்லில் தூரத்து உறவுகளிடமிருந்து வந்த மரபணுக்கள் டஜன் கணக்கில் பதிவாகியிருக்கின்றன. டிம்போவா மரபணுக்கள் விஷயத்தில் புதிய கணக்கு எனக்கு வலுவாகப் படுகிறது. ஆனாலும் அதை முடிந்த முடிவாகச் சொல்ல மாட்டேன். பிரிவுக்குப் பின் நடந்த இழப்புகளையும் இடமாற்றங்களையும் பொறுத்து, மரபணுக்களின் உறவைக் காட்டும் மர வரைபடம் ஏமாற்றக்கூடும். புதிய கணக்கு சரியென்றால், நெல் இதை இழக்கவே இல்லை; அதனிடம் என்றுமே இருந்ததில்லை.

பார்லியின் கதை இதைவிடத் தெளிவு, உங்கள் கேள்விக்கு நேரான பதிலும் அதில்தான் இருக்கிறது. பார்லியின் பேரினத்தில் பல காட்டு இனங்கள் உண்டு. அவற்றில் சில, தென்னமெரிக்காவின் ஹார்டியம் லெக்லரி போன்றவை, டிபோவாவைச் செய்கின்றன. நாம் பயிரிடும் பார்லியும், அது எந்தக் காட்டுப் பார்லியிலிருந்து வந்ததோ அந்த நேர் மூதாதையும் செய்வதில்லை. இரண்டிடமும் இருப்பது கிராமின் என்ற வேறு பொருள். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு பேரினம் முழுவதையும் சோதித்து, ஓர் இனத்தில் ஒன்று இருந்தால் மற்றொன்று இல்லை என்று காட்டியது. மேற்காசியாவில் பார்லியை முதன்முதலில் விதைத்தது ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பு. அதைக் கையிலெடுத்த முதல் விவசாயிக்குக் கிடைத்த கதிரிலேயே டிபோவா இல்லை. ஆக, அந்த இழப்பில் நமக்குப் பங்கில்லை.

கிராமினும் டிரிப்டோஃபானிலிருந்து வருகிறது என்பது பழைய செய்தி. ஆனால் எப்படி என்பது வெகுகாலம் பிடிபடவில்லை. 2024இல் ஜெர்மனியின் காட்டர்ஸ்லேபன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள்: ஒரே ஒரு பி450 நொதி டிரிப்டோஃபானின் பக்கச் சங்கிலியை உள்ளுக்குள்ளேயே மாற்றி அடுக்கிவிடுகிறது; அதற்குப்பின் மெத்தில் குழுக்களைச் சேர்ப்பது இன்னொரு நொதியின் வேலை. இந்த இரண்டு மரபணுக்களும் பார்லியில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. விவசாயத்தின் கை தெரிவது இங்கேதான், அதுவும் சிறிய அளவில்: நவீன பார்லி ரகங்கள் சிலவற்றில் கிராமின் இல்லை. அந்தத் திறமை பார்லிக்கே உரியது, மற்ற ரகங்களில் இன்னும் இருக்கிறது, வேண்டுமென்றால் சாதாரணக் கலப்பினால் சேர்த்துவிடலாம். ஆனால் கிராமின் கால்நடைக்குப் பிடிக்காது. தீவனப் பார்லியில் அதைக் கூட்டலாமா என்பது தனிக் கேள்வி.

நெல்லுக்கு வருவோம். டிம்போவா இல்லை என்றதும் நெல் வெறுங்கையோடு நிற்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. 1973இல் ஜப்பானில் நெல் உமியிலிருந்து மொமிலாக்டோன்கள் என்ற தற்காப்புப் பொருட்கள் பிரித்தெடுக்கப்பட்டன. முற்றிலும் வேறு வேதியியல் இது. செடி உயரமாக வளர உதவும் ஜிப்பெரெல்லின் என்ற ஹார்மோனின் பாதையிலிருந்து இரட்டித்துப் பிரிந்த மரபணுக்கள்தான் இதைச் செய்கின்றன. அவையும் நெல்லின் 4ஆவது குரோமோசோமில் கொத்தாகவே இருக்கின்றன. பூஞ்சை தாக்கும்போது மொமிலாக்டோன்கள் இலையில் கூடுகின்றன. வேர் வழியாக மண்ணில் கசிந்து பக்கத்துக் களையின் வளர்ச்சியையும் மட்டுப்படுத்துகின்றன. அந்த மரபணுக்களைச் செயலிழக்கச் செய்த நெல்லில் களையை அமுக்கும் திறன் குறைந்தது, அதனால் இது வெறும் ஊகம் அல்ல.

நம் வயல்களில் நெல்லோடு நெல்லாக நின்று, கதிர் வரும்வரை ஏமாற்றுகிற குதிரைவாலிக் களையைப் பார்த்திருப்பீர்கள். நாம் சிறுதானியமாகச் சாப்பிடும் குதிரைவாலிக்கு நெருங்கிய சொந்தம். அதன் மரபணுத் தொகுதியை 2017இல் படித்தபோது டிம்போவாவைச் செய்யும் மரபணுக் கொத்து ஒன்றல்ல, மூன்று பிரதிகளாக இருந்தது. கூடவே மொமிலாக்டோன் கொத்து ஒன்றும் இருந்தது. நெல்லோடு சேர்த்து வளர்த்தால் அது டிம்போவா செய்வதைக் கூட்டுகிறது. நெல்லும் தன் பங்குக்கு மொமிலாக்டோனைக் கூட்டுகிறது. நாம் மேலே மண்வெட்டியும் களைக்கொல்லியுமாகப் போராடும் அதே பாத்தியில், வேர்மட்டத்தில் இந்தச் சண்டை நடக்கிறது. புற்களோடு எந்த நெருக்கமும் இல்லாத ஒரு பாசியும் தனக்கென ஒரு மரபணுக் கொத்தை வைத்துக்கொண்டு மொமிலாக்டோன் செய்கிறது என்பது 2020இல் தெரியவந்தது. ஒரே பொருளுக்கு வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

சோளத்தைப் பற்றி நம் ஊர் ஆட்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இளஞ்சோளம் மேய்ந்த மாடு வயிறு உப்பி, மூச்சுத் திணறி, கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடுவதைப் பார்த்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காரணம் துர்ரின். 1902இலேயே டன்ஸ்டனும் ஹென்றியும் இதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து மூன்றே நொதிகளில் தயாராகிறது: இரண்டு பி450, ஒரு குளுக்கோஸ் ஒட்டும் நொதி. மூன்றின் மரபணுக்களும் முதல் குரோமோசோமில் கொத்தாக உள்ளன. கோபன்ஹேகனில் மோல்லர் என்ற ஆய்வாளரின் குழு இந்தப் பாதையைப் பல பத்தாண்டுகள் துருவியிருக்கிறது. டிம்போவாவைப் போலவே இங்கும் சர்க்கரை ஒட்டிய பொருள் ஓரிடத்தில், அதை உடைக்கும் நொதி வேறிடத்தில். கடிபட்டதும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியாகிறது. இருட்டில் முளைத்த நாற்றின் நுனியில் உலர் எடையில் 30 சதவீதம்வரை துர்ரின் இருக்கக்கூடும். வயதாக ஆகக் குறையும். தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் கூடும். யூரியாவை அள்ளிப் போட்டாலும் கூடும். இதனால்தான் வாடிய பயிரிலும், அறுத்தபின் கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பிலும் மாட்டை விடாதீர்கள், பூத்தபின் அறுத்துப் போடுங்கள் என்கிறோம். நன்றாக உலர்ந்த தட்டையில் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும். அப்படியும் மாடு மேய்ந்து தள்ளாடினால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். ஊசி மருந்து உண்டு, ஆனால் நேரம்தான் இல்லை.

மரபணுக்கள் ஏன் இப்படிக் கொத்துக் கொத்தாகச் சேர்கின்றன என்பதற்கு ஓட்ஸ் ஒரு நல்ல தடயம் தருகிறது. ஓட்ஸின் வேர்நுனியைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் நீலமாக ஒளிரும். அவெனாசின் என்ற சபோனின், அதாவது சோப்பைப் போல நுரைக்கும் வகைப் பொருள் அது. கோதுமையின் வேரை அழிக்கும் ஒரு பூஞ்சை ஓட்ஸை நெருங்காததற்கு இதுவே காரணம். இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஆன் ஆஸ்போர்ன் என்ற ஆய்வாளர் செய்த வேலை அழகானது: ஒளிராத வேர்நுனிகளைத் தேடிப் பொறுக்கினார்கள், அவெனாசின் செய்ய முடியாத திரிபுகள் கிடைத்தன, அவற்றுக்கு நோய் வந்தது. மரபணுக்களைத் தேடிப் போனால் 12 மரபணுக்கள் குரோமோசோமின் முனைக்கருகில் ஒரே கொத்தாக இருந்தன. அதில் ஒன்று, செடிகளின் செல்சவ்வுக்குத் தேவையான ஸ்டீரால் தயாரிப்பிலிருந்து இரட்டித்து வந்த நொதி. கடைசிப் படிகள் பழுதான திரிபுகளில் வேர்த்தூவிகள் சரியாக வளரவில்லை. அரைகுறையாக நின்ற பொருள் செடியையே நோகடித்தது. இதிலிருந்து ஒரு விளக்கம் கிடைக்கிறது: இந்த மரபணுக்கள் ஒன்றாகவே அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும், பாதி போய் பாதி நின்றால் தற்காப்பும் இல்லை, செடிக்கும் கேடு. இந்த விளக்கம் ஏற்கத்தக்கது, ஆனால் முழுமையானது அல்ல. கோதுமையில் கொத்து உடைந்தும் பாதை நன்றாகவே ஓடுகிறதே.

புற்களுக்கு வெளியேயும் ஒரு பார்வை. கனகாம்பரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த அஃபெலாண்ட்ரா என்ற அலங்காரச் செடியும், துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஐரோப்பியக் காட்டுச்செடியும் பென்சாக்சசினாய்டு செய்கின்றன. 2023இல் அவற்றின் பாதை தெரியவந்தபோது, இடைப்பொருட்கள் புற்களில் உள்ளவைதான், ஆனால் செய்யும் நொதிகளில் சில வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. சுயமாக, மறுபடி கண்டுபிடித்திருக்கின்றன.

அப்படியானால் விவசாயம் எதையுமே தொலைக்கவில்லையா? தொலைத்திருக்கிறது. மக்காச்சோள வேரை வேர்ப்புழு கடிக்கும்போது, சில ரகங்கள் காரியோஃபிலீன் என்ற மணப்பொருளை மண்ணில் விடும். அதை மோப்பம் பிடித்து வரும் நூற்புழுக்கள் வேர்ப்புழுவைக் கொன்றுவிடும். 2005இல் இதைக் காட்டினார்கள். மக்காச்சோளத்தின் காட்டு மூதாதையான தியோசின்டேயிலும் ஐரோப்பிய ரகங்களிலும் இந்தக் குணம் இருக்கிறது. வட அமெரிக்க ரகங்கள் பெரும்பாலானவற்றில் மரபணு இருந்தும் செயல்படுவதில்லை. நீங்கள் தேடியது போன்ற இழப்பு இதுதான். டிம்போவா விஷயத்தில் மக்காச்சோள ரகங்களுக்குள் இருக்கும் வேறுபாடு பெரும்பாலும் அளவிலும் வகையிலும்தான். ஒரு ரகத்தின் நாற்றில் அதிகம், இன்னொன்றில் குறைவு. இதற்குக் காரணமான ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி பிஎக்ஸ்1 மரபணுவிலிருந்து சுமார் 1,40,000 எழுத்துகள் தள்ளி இருக்கிறது. இன்னொரு வேறுபாடு, டிம்போவாவை அடுத்த பொருளாக மாற்றும் ஒரு மரபணுவில், இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று புகுந்து அதைக் கெடுத்திருப்பது. கெடாத ரகத்தில் உருவாகும் பொருள் புழுவுக்குக் கூடுதல் நஞ்சு. ஆனால் கெட்ட ரகத்தில் டிம்போவா அப்படியே தங்கி, செல்சுவரைத் தடிக்க வைக்கும் சமிக்ஞையாக வேலை செய்து, அசுவினியைத் தடுக்கிறது. புழுவுக்கு எதிராக நல்ல ரகம் அசுவினிக்கு எதிராக மோசம். எந்தப் பகுதியில் எது பெரிய தொல்லையோ அதைப் பொறுத்து இரண்டுமே நிலைத்திருக்கின்றன. கூட இருந்தால் நல்லது, குறைந்தால் கெட்டது என்ற எளிய அளவுகோல் இங்கே உதவாது.

இன்னொரு பக்கம், பூச்சிகளும் சும்மா இருக்கவில்லை. 2018இல் இந்தியாவுக்குள் வந்து, கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, அதே ஆண்டு நம் மக்காச்சோளக் காடுகளையும் பிடித்த படைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். குருத்துக்குள் அது உட்கார்ந்து தின்பது டிம்போவா நிறைந்த இலையைத்தான். அதன் குடலில், செடி கழற்றிய குளுக்கோஸைத் திரும்ப ஒட்டிவிடும் நொதி இருக்கிறது. ஒட்டுவது எதிர்த்திசை அமைப்பில். அதனால் செடியின் நொதி அதை மறுபடி வெட்ட முடியாது. நஞ்சு சாதுவாகி எச்சத்தோடு வெளியேறுகிறது. வேர்ப்புழு இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. நாம் ஆய்வுக்கூடத்தில் நீலமாகப் பார்த்த அதே இரும்பும் டிம்போவாவும் சேர்ந்த கூட்டை அது மோப்பம் பிடித்து நல்ல வேரைத் தேடி வருகிறது, அதிலிருந்து தனக்கு வேண்டிய இரும்பையும் எடுத்துக்கொள்கிறது. அதுவும் போதாதென்று, செடியின் பொருளைத் தன் உடலில் சேர்த்துவைத்து, தன்னைக் கொல்ல வரும் நூற்புழுக்களை விரட்டவும் பயன்படுத்துகிறது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி: திரும்பக் கொண்டுவரலாமா? தொழில்நுட்பமாக முடியும். காரியோஃபிலீன் இழந்த மக்காச்சோளத்தில் கற்பூரவள்ளி மணம் வீசும் ஆரிகானோ என்ற மூலிகையின் மரபணுவைச் சேர்த்து, வயலில் நூற்புழுவையும் விட்டுப் பார்த்தார்கள். 2009இல் வந்த முடிவில் வேர்ச் சேதம் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்தச் செடிகள் புழு கடித்தாலும் கடிக்காவிட்டாலும் எப்போதும் மணத்தை விட்டன. பின்னர் நடந்த வயல் சோதனையில் அவற்றின் முளைப்பும் வளர்ச்சியும் விளைச்சலும் குறைந்தன. இலையைத் தின்னும் பூச்சிகளையும் அந்த மணம் கூடுதலாக இழுத்தது. பழைய செடி கடிபட்டபோது மட்டும் விட்டதற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது.

அதனால் என் கருத்து இது. பார்லிக்கோ நெல்லுக்கோ டிம்போவாவின் முழுப் பாதையையும் புகுத்துவது கைக்கு எட்டாத வேலை அல்ல. ஆனால் முதலில் செய்ய வேண்டிய வேலையும் அதுவல்ல. குறைந்தது எட்டு நொதிகள், அவற்றைச் சேமிக்கும் அறை, உடைக்கும் நொதி, எப்போது எந்த இடத்தில் செய்வது என்ற கட்டுப்பாடு, இவ்வளவும் சேர்ந்து வந்தால்தான் அது தற்காப்பு. அதைவிட, ஒவ்வொரு பயிரும் ஏற்கெனவே வைத்திருக்கும் பாதையில் நல்ல வகைகளைத் தேடுவது எளிது, பலனும் விரைவு: கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் நாற்றுப் பருவத்தில் டிம்போவா அதிகம் உள்ள வகைகள், களையை அமுக்கும் அளவுக்கு மொமிலாக்டோன் கசியும் நெல் வகைகள், பார்லியில் கிராமின் உள்ள பழைய ரகங்கள். சோளத்தில் வேலை எதிர்த்திசையிலும் நடக்கிறது: துர்ரின் செய்யும் முதல் மரபணு பழுதான, சயனைடே இல்லாத சோளத் திரிபை ஆஸ்திரேலியாவில் 2012இல் அறிவித்தார்கள். மேய்ச்சலுக்கு அது அருமை. ஆனால் அந்தத் திரிபின் இளம்பருவ வளர்ச்சி சற்று மந்தம், அதோடு பூச்சிக்கு அது எவ்வளவு ஈடுகொடுக்கும் என்பதையும் ஒவ்வொரு வட்டாரத்திலும் வயலில் விதைத்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் பக்கத்தில் தீவனச் சோளம் போடுகிறவர்கள் இருந்தால், இப்போதைக்கு அவர்களுக்குச் சொல்ல வேண்டியது, விதைக்கடையில் ரகத்தின் பெயரோடு எந்தப் பருவத்தில் அறுக்கலாம் என்பதையும் கேட்டு வாங்குங்கள் என்பதுதான்.